அக்கா திறந்து பார்த்த ரிசீவர்

பெர்த்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜெகா அக்காவுக்கு,

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே நானும் காமினியும் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

நீ போனில் திட்டியது நியாயம். நீ வாட்ஸ்அப்பில் பத்து வரி எழுதினால் நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன். சுரங்கத்துக்குச் சாலை போடுகிற இந்த வேலையில் பகல் முழுக்க வெயில், அறைக்கு வந்தால் தூக்கம். இனி மாதம் ஒரு முறையாவது மின்னஞ்சலில் முழுக் கடிதமாக எழுதுகிறேன். நீயும் அப்படியே எழுது.

முதல் கடிதத்திலேயே ஒரு வேலை சொல்கிறேன். புது வீட்டின் பின் அறையைத் தியேட்டராக மாற்றியிருக்கிறேன். எதிரொலி வராமல் சுவரில் துணிப் பலகை அடித்தது நான். தரையில் கார்ப்பெட் போட்டதும் நான். திரை, புரொஜெக்டர், ஏழு ஸ்பீக்கர் எல்லாம் வந்துவிட்டன. பாக்கி இருப்பது ரிசீவர் ஒன்றுதான். படத்தின் சத்தத்தை வாங்கி, இந்த ஸ்பீக்கருக்கு இது, அந்த ஸ்பீக்கருக்கு அது என்று பிரித்துக் கொடுக்கிற பெட்டி. புதியது இங்கே யானை விலை. பழுது பார்த்துப் புதுப்பித்த பெட்டிகள் காஜா பாய் கடையில் நிறைய வரும் என்று நீ சொன்ன ஞாபகம். ஒன்பது சேனல், அதாவது ஒன்பது ஸ்பீக்கர் வரை பிரித்துக் கொடுப்பதாக ஒன்று இருக்கிறதா என்று பாயிடம் கேட்டுச் சொல்.

காமினியின் அப்பாவும் அம்மாவும் செப்டம்பரில் கிள்ளானிலிருந்து வருகிறார்கள். தீபாவளி வரை இருப்பார்கள். நீயும் வா அக்கா. டிக்கெட் நான் போடுகிறேன். பெட்டியையும் கையோடு கொண்டுவந்துவிடலாம். ஒன்று மட்டும். மாமா உன் வேலையைப் பற்றிக் கேட்டால் என் கல்யாணத்தில் சொன்னதையே சொல்லிவிடு. ஃபேக்டரி ஆபீஸில் இருந்தேன், ஓய்வு பெற்றுவிட்டேன் என்று. அவர் ஹெட்மாஸ்டராக இருந்தவர், எல்லாவற்றையும் தோண்டிக் கேட்பார். பன்னிரண்டு வருடமாகிவிட்டது, இப்போது எதற்கு அதைக் கிளற வேண்டும்?

பதில் எழுது.

உன் தம்பி,
குணாளன்


பாகான் டாலாம்
21 ஏப்ரல் 2024

அன்புத் தம்பி குணாவுக்கு,

அக்கா எழுதுவது. வீக்கம் வடிந்துவிட்டது. கடைக்குப் போகும்போது பினாங்கு ஃபெரியில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து போகிறேன், இறங்கியதும் மெதுவாக நடக்கிறேன். காமினியை விசாரித்ததாகச் சொல். வெயிலில் நிற்கும்போது தொப்பி போட்டுக்கொள்.

ரிசீவரைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் புதுப்பித்த பெட்டி என்றால் என்ன என்று தெரிந்துகொள். பிறையில் ரிசீவர் செய்யும் ஃபேக்டரியில் நான் இருந்தது இருபத்தொன்பது வருடம். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் ரீவொர்க் மேசை. கடைக்குப் போய்த் திரும்பி வந்த பெட்டிகளைத் திறந்து, குறையைக் கண்டுபிடித்து, சரிசெய்து, மறுபடியும் சோதித்து அனுப்புகிற மேசை. திரும்பி வரும் பத்தில் நான்கில் ஒரு பழுதும் இருக்காது. வாங்கியவர் வயரை மாற்றிச் செருகியிருப்பார், சத்தம் வரவில்லை என்று கோபத்தில் திருப்பியிருப்பார். மூன்றில் ஒரு சின்னச் சாமான் போயிருக்கும். இரண்டில் லாரியில் அடிபட்ட சொட்டை. மீதி ஒன்றுதான் உண்மையான நோயாளி. புதுப்பித்ததை வாங்குகிறவன் செய்ய வேண்டியது, அந்த ஒன்றிடமிருந்து தப்பிப்பது.

காஜா பாய் கடையிலும் அதே வேலைதான் செய்கிறேன். நீ "கடையில் உட்காருகிறாய்" என்று எப்போதும் சொல்கிறாய். நான் உட்காருவது கல்லாவில் இல்லை. பின்பக்கம், மேசை விளக்குக்குக் கீழே.

எனக்கு நான்கு விவரம் வேண்டும். அறையின் நீளம் அகலம் எத்தனை? ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கிறது? பெட்டியைத் திறந்த தட்டில் வைப்பாயா, மூடிய அலமாரியிலா? நான்காவது முக்கியம். வேறு எங்காவது பெட்டி பார்த்துக்கொண்டிருந்தால், பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? நான்குக்கும் பதில் வந்த பிறகுதான் நான் தேட ஆரம்பிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
ஜெகதீஸ்வரி


பெர்த்
12 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சைட்டில் நெட் சரியில்லை, அதனால் தாமதம்.

அறை ஐந்து மீட்டருக்கு நான்கு. ஸ்பீக்கர் ஆறு ஓம். பெட்டியை வைக்கக் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி ஒன்று செய்யக் கொடுத்திருக்கிறேன். ரொம்ப அழகாக வருகிறது.

நீ எழுதியதெல்லாம் காமினிக்கும் படித்துக் காட்டினேன், ரீவொர்க் பகுதியை மட்டும் விட்டுவிட்டு. தப்பாக நினைக்காதே அக்கா. உன் கை போர்டில் ஈயம் உருக்கி வைத்துப் பழகிய கை, எனக்குத் தெரியும். போர்டு வேறு, முழு மெஷின் வேறு. பாய் கடையில் பெரிய டெக்னீஷியன் யாராவது இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நானும் இன்ஜினியர்தான், நெட்டில் தினமும் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் தயாரித்த கம்பெனியே புதுப்பித்து, முத்திரை ஒட்டி விற்கிறான். பாதி விலை. அதையும் ஒரு கண் பார்த்துவைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வருவதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே? சீக்கிரம் சொன்னால் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும்.

அன்புடன்,
குணா


பாகான் டாலாம்
19 மே 2024

அன்புத் தம்பிக்கு,

நானும் சௌக்கியம். இரண்டு நாளாக இங்கே நல்ல மழை. நேற்று ஃபெரியில் கூட்டமே இல்லை.

பெரிய டெக்னீஷியனிடம் கேட்கச் சொன்னாய். போன வாரம் நடந்ததை எழுதுகிறேன். ஒரு ஆள் கெட்டுப்போன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"டெக்னீஷியன் இல்லையா பாய்?"

"முன்னால நிக்கிறாங்கல்ல, அவங்கதான்."

"இந்த அம்மாவா?"

"ஏன்லா, அம்மான்னா கரண்ட் அடிக்க மாட்டேன்னு சொல்லிச்சா?" என்றார் பாய்.

அந்த ஆள் பெட்டியை வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நாற்பது நிமிடத்தில் சத்தம் வந்தது. போகும்போது என்னிடம்தான் நன்றி சொன்னார். ஆகவே பெரிய டெக்னீஷியன் என்று தனியாக யாரும் இல்லை. இருப்பது நான்தான்.

உனக்காக மூன்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதலாவது நீ கேட்ட ஒன்பது சேனல். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கிறது. உள்ளே படம் வந்து போகிற போர்டு சூட்டில் பழுப்பேறியிருக்கிறது. யாரோ ஒருவர் ஏற்கனவே சூடு காட்டி ஒட்டியிருக்கிறார். ஆறு மாதம் ஓடும், ஏழாவது மாதம் நிற்கும். வேண்டாம். இரண்டாவது பதினொரு சேனல். அறையின் ஓசையை அளக்கிற சின்ன மைக் அதோடு வரவில்லை. அது இல்லாமல் உன் அறைக்கு அதைச் சரியாக அமைக்க முடியாது. மூன்றாவது ஏழு சேனல். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது, மேல் மூடியில் ஒரு கீறல். உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்கிற ஒரு ரிலே மட்டும் சரியாகத் தட்டவில்லை, மாற்றினேன். ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பேச வைத்தேன். பிறகு ஆறு மணி நேரம் விடாமல் ஓட்டி, அரை மணிக்கு ஒரு முறை மூடியில் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. பெட்டி 240 வோல்ட். உன் ஊர்க் கரண்டுக்குப் பொருந்தும்.

இதுதான் என் தேர்வு. ஐந்துக்கு நான்கு அறையில் ஏழு சேனல் தாராளம். கண்ணாடிக் கதவு வேண்டாம், அல்லது பின்பலகையை வெட்டிவிடு. பெட்டிக்கு மூச்சு விட இடம் வேண்டும். அமெரிக்கப் பெட்டியின் வோல்ட்டை நீ இன்னும் எழுதவில்லை.

தீபாவளிக்கு வருவதைப் பற்றி. உன் கல்யாணத்தில் ஆபீஸ் என்று சொல்லச் சொன்னாய், சொன்னேன். அன்றைக்கு உனக்குக் காரியம் நடக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது இன்னொரு முறை சொல்ல வேண்டும் என்கிறாய். உன் வீட்டில் இரண்டு வாரம் உட்கார்ந்து, நான் செய்யாத வேலையைச் செய்தேன் என்றும், செய்த வேலையைச் செய்யவில்லை என்றும் பேச என்னால் முடியாது. உன் மாமனார், மாமியாரிடம் நீ உள்ளதைச் சொன்னால் வருகிறேன். சொல்ல முடியாவிட்டால் கோபமில்லை, பெட்டியை மட்டும் அனுப்பிவைக்கிறேன். யோசித்து எழுது.

அக்கா,
ஜெகதீஸ்வரி


பெர்த்
29 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அமெரிக்கப் பெட்டியையே வாங்கிவிட்டேன். இன்று மதியம் வந்து சேர்கிறது. ஒன்பது சேனல், கம்பெனி முத்திரை, ஒரு வருட உத்தரவாதம். நீ பார்த்து வைத்ததும் நல்ல பெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் ஃபேக்டரியே சோதித்து அனுப்புவது வேறு இல்லையா? பாயிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். அலமாரியும் வந்துவிட்டது, நாளை மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்களைப் படம் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன்.

டிக்கெட் போட உன் பாஸ்போர்ட் எண் வேண்டும். அனுப்பிவை.

அன்புடன்,
குணா


பாகான் டாலாம்
1 ஜூலை 2024

தம்பி குணாவுக்கு,

சுகமாக இரு. உன் கடிதத்தை இன்று காலைதான் பார்த்தேன். இந்தச் சனி, ஞாயிறு நான் கணினியைத் திறக்கவில்லை. உடனே போன் போட்டேன், நீ எடுக்கவில்லை.

பெட்டியைக் கரண்டில் போடுவதற்கு முன் பின்பக்கத் தகட்டைப் படி. அமெரிக்காவில் விற்பது பெரும்பாலும் 120 வோல்ட் பெட்டி. உன் வீட்டுச் சுவரில் இருப்பது அதற்கு இரட்டிப்பு. பிளக் பொருந்தவில்லை என்று அடாப்டர் மாட்டிச் செருகிவிடாதே. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. ஃபேக்டரி சோதித்தது உண்மையாக இருக்கலாம். அவர்கள் சோதித்தது அவர்கள் ஊர்க் கரண்டில்.

படித்துவிட்டு ஒரு வரி எழுது. நான் மே மாதம் கேட்டதற்கும் பதில் இல்லை. பாஸ்போர்ட் எண்ணை அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.

அக்கா


பெர்த்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

காமினி எழுதுகிறேன். வணக்கம். உங்கள் உடம்பு தேவலையா? இத்தனை வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தமிழில் நீளமாக எழுதி நாளாகிவிட்டது, பிழை இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பா பார்த்தால் சிவப்பு மையில் சுழிப்பார்.

அவர் ஆறு வாரமாக உங்களுக்கு எழுதவில்லை என்று தெரியும். காரணத்தை நான் சொல்கிறேன். அமெரிக்கப் பெட்டி வந்த அன்று சாயங்காலமே அடாப்டர் மாட்டிச் செருகினார். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு புகை. அறை முழுக்க மீன் கருகிய மாதிரி நாற்றம். "ஒண்ணுமில்ல, ஃபியூஸ்தான்" என்றார். இரவே மூடியைக் கழற்றிப் பார்த்தார். பிறகு மூடி, மேலே ஒரு துண்டைப் போட்டு, அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். பக்கத்து வீட்டாருக்குப் பெட்டி இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பினோம். திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது. என் எதிரிலேயே படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து தியேட்டர் என்ற பேச்சே இந்த வீட்டில் இல்லை.

அவர் கழற்றிய அன்று நான் எடுத்த படங்களை இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் ஆபீஸில் இருந்தவர், உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. காஜா பாய் கடையில் யாராவது டெக்னீஷியனிடம் காட்டிக் கேட்டுச் சொல்ல முடியுமா? இதைக் காப்பாற்ற முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா? அப்பா, அம்மா வருவதற்குள் ஒரு வழி தெரிந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள்,
காமினி


பாகான் டாலாம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காமினிக்கு,

உன் கடிதம் கண்டதில் சந்தோஷம். உன் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. உங்கள் இருவருக்கும் அடி ஒன்றும் படவில்லை அல்லவா? அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் கரண்ட் உள்ளே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் கறுத்து வெடித்திருப்பது, நாணயம் அளவுள்ள ஒரு வட்டச் சாமான். அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் முதலில் சாக வேண்டும் என்பதற்காகவே அதை அங்கே வைப்பார்கள். அது செத்ததும் ஃபியூஸ் போயிருக்கிறது. அந்த ஃபியூஸ் போனதால் பின்னாலிருக்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அநேகமாகப் பிழைத்திருக்கும். அதன் மேல் சுற்றிய மஞ்சள் தாள் நிறம் மாறவில்லை. ஆகவே தூக்கிப் போட வேண்டாம். ஆனால் இரண்டு சாமானையும் மாற்றினாலும் அது 120 வோல்ட் பெட்டிதான். கரண்டைப் பாதியாக்குகிற கனமான டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வெளியே வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதுவரை யாரும் செருகக் கூடாது. உள்ளேயும் கை வைக்கக் கூடாது.

உன் வீட்டு அறைக்கு ஏற்ற பெட்டி ஒன்று மே மாதத்திலிருந்து இங்கே அலமாரியில் இருக்கிறது. இரண்டு பேர் கேட்டார்கள். பாய் கொடுக்கவில்லை. "தங்கச்சி கட்டி வச்ச பெட்டிய நான் தொட மாட்டேன்" என்கிறார்.

டெக்னீஷியனிடம் கேட்கச் சொன்னாய். நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆபீஸில் இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி நீ குணாவிடம் கேள். அவன் சொல்ல வேண்டிய விஷயம், நான் முந்திக்கொண்டால் சரியாக இருக்காது.

அம்மா, அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணி,
ஜெகதீஸ்வரி


பெர்த்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றே காமினி கேட்டாள். "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு சைட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தேன், அவள் கேட்கவில்லை. மறுபடியும் போனேன், வந்தேன். அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

மாமாவும் மாமியும் பதினெட்டாம் தேதி வந்தார்கள். நேற்று மதியம் சாப்பிடும்போது மாமா தியேட்டரைக் காட்டச் சொன்னார். ரிசீவர் எரிந்துபோனதைச் சொன்னேன். யாரும் எச்சரிக்கவில்லையா என்றார். எங்கள் அக்கா வோல்ட்டைப் பார்க்கச் சொல்லி இரண்டு முறை எழுதினார், நான்தான் கேட்கவில்லை என்றேன். அப்போது காமினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மாமா, "ஆபீஸ்ல இருந்தவங்களுக்கு வோல்ட் எல்லாம் எப்படித் தெரியும் மாப்ள?" என்றார்.

"ஆபீஸ் இல்ல மாமா. லைன்ல இருந்தாங்க. பதினோரு வருஷம் ஈயம் வச்சாங்க. அப்புறம் பதினெட்டு வருஷம் ரீவொர்க். இப்ப சூலியா தெரு பக்கத்துல ஒரு கடைல டெக்னீஷியன்."

"கல்யாணத்துல ஆபீஸ்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன் மாமா. நீங்க ஹெட்மாஸ்டர். ஃபேக்டரி பொம்பள வளத்த பையன்னு குறைவா நினைப்பீங்கன்னு பயந்தேன்."

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மாமி கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

"சொல்லட்டுமாங்க?" என்றார் மாமாவிடம்.

"ருக்கு, சும்மா இரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? மாப்ள, நானும் ஃபேக்டரிதான். கல்யாணத்துக்கு முந்தி ஷா ஆலம்ல ரேடியோ ஃபேக்டரி, ஆறு வருஷம். ஹெட்மாஸ்டர் பொண்டாட்டிக்கு அது அழகில்லன்னு இவருதான் யார்கிட்டயும் சொல்ல வேணாம்னாரு. உங்க கல்யாணத்தப்ப உங்க அக்கா ஆபீஸ்னதும் நான் வாயவே திறக்கல. பெரிய இடத்துப் பொம்பள, நம்மகிட்ட எங்க பேசப் போறாங்கன்னு பந்தியில தள்ளி உக்காந்தேன்லா!"

காமினிக்கே இது தெரியாது. அவள் அப்பாவைப் பார்த்த பார்வையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அவர் மெதுவாக, "நான் செஞ்சதும் தப்புதான்" என்றார். இத்தனை வருடத்தில் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லி இப்போதுதான் கேட்பதாகக் காமினி சொல்கிறாள்.

அக்கா, நீ யாரிடமும் கை ஏந்தாமல் என்னைப் படிக்க வைத்தாய். நான் அதைத் தலை நிமிர்ந்து சொல்லியிருக்க வேண்டும். என் மாமனார் முன்னால் சின்ன ஆளாகத் தெரியக் கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான். வேறு சாக்கு என்னிடம் இல்லை.

மாமி தினமும் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். வருவாயா?

உன் தம்பி,
குணா


பாகான் டாலாம்
24 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி குணாவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லாருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை ஃபெரியில் படித்தேன். கடைக்குப் போனதும் இன்னொரு முறை படித்தேன். பாய், "என்ன தங்கச்சி, காலைலயே சிரிப்பு?" என்றார். தம்பி மனுஷனாகிவிட்டான் என்றேன்.

டிக்கெட் போடு. பாஸ்போர்ட் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அக்டோபர் பன்னிரண்டுக்குப் பிறகு எந்த நாளும் சரி. பெட்டி பத்தரை கிலோ, கைப்பையில் ஏற்ற மாட்டார்கள், ஆகவே சாமான் எடை கூடுதலாகப் போடு. ஃபேக்டரியில் கட்டுகிற மாதிரி நான் கட்டிக்கொள்கிறேன். அமெரிக்கப் பெட்டிக்கு வேண்டிய இரண்டு சாமானும் கொண்டுவருகிறேன். நான் வருவதற்குள் அலமாரியின் பின்பலகையை வெட்டி வை. கதவையும் கழற்றிவிடு. தேக்கு என்று பார்க்காதே.

மாமியிடம் சொல், அந்தப் பந்தியில் நானும் அவரைப் பார்த்தேன். ஹெட்மாஸ்டர் சம்சாரம், நம்மிடம் எங்கே பேசப் போகிறார் என்றுதான் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

அக்கா,
ஜெகதீஸ்வரி


பெர்த்
5 நவம்பர் 2024

மரியாதைக்குரிய காஜா பாய்க்கு,

தங்கச்சி ஜெகதீஸ்வரி எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கடையில் வேலை குவிந்திருக்கும் என்று தெரியும். பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு ஸ்க்ரூ கூட அசையவில்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தம்பியின் ஆபீஸ் ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பினாங்குக்காரர் இரண்டு குடும்பம். பகலில் அறையின் ஐந்து இடத்தில் மைக்கை வைத்து அளந்தேன். இடதுபுறப் பின் ஸ்பீக்கரைக் குணா தலைகீழாக வயர் போட்டிருந்தான், மாற்றினேன். படம் போடுவதற்கு முன்னால் அவன் திரைக்கு எதிரே போய் நின்றான். எல்லாருக்கும் புரியட்டும் என்று முதலில் ஆங்கிலத்தில் சொன்னான், பிறகு தமிழில் சொன்னான்.

"இது எங்க அக்கா. இருபத்தொன்பது வருஷம் ஃபேக்டரில ரிசீவர் செஞ்சவங்க. நான் வாங்கினது ஒரே நிமிஷத்துல எரிஞ்சு போச்சு. இப்ப நீங்க கேக்கப் போறது அவங்க தேர்ந்தெடுத்தது. என்னையும் அவங்கதான் படிக்க வச்சாங்க. சவுண்ட் நல்லா இல்லன்னா என்னைத் திட்டுங்க, ரூமைக் கட்டினது நான்."

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹெட்மாஸ்டர் எழுந்து, முன் வரிசையில் நடு நாற்காலியைக் காட்டி, என்னை அங்கே உட்காரச் சொன்னார். அவர் அதுவரை அதில் உட்கார்ந்திருந்தார். மழை வருகிற காட்சியில் ஒரு குழந்தை திரும்பிப் பின்னால் பார்த்தது. சத்தம் சரியாக இருந்தது, பாய். வேறெதுவும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் காலை நானும் ருக்குமணி அக்காவும், அதாவது காமினியின் அம்மாவும், அமெரிக்கப் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் பிரித்தோம். ஈயம் வைக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கினார். நாற்பது வருடம் கழித்துப் பிடிக்கிறார். முதல் புள்ளி உருண்டைப் பந்தாக வந்தது. மூன்றாவது புள்ளியை நான் பார்த்தேன், எங்கள் லைனில் இருந்திருந்தால் தேறியிருக்கும். ஹெட்மாஸ்டர் டார்ச் பிடித்தார். "கொஞ்சம் நேரா பிடிங்க சார்" என்று சொன்னது அவர் மனைவி. டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துவிட்டது. கரண்டைப் பாதியாக்கும் டிரான்ஸ்ஃபார்மரைக் குணா போய் வாங்கி வந்தான். இந்த முறை தகட்டைப் படித்து, எனக்குப் படம் அனுப்பி, நான் சரி என்ற பிறகு வாங்கினான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் தேதி வேலைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். முடியாது போலிருக்கிறது. அன்றைக்கு வந்தவர்களில் மூன்று வீட்டார் ஆளுக்கொரு பெட்டியைக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றில் பழுதே இல்லை, வயர் மாறியிருக்கிறது. மற்ற இரண்டும் உண்மையான நோயாளிகள். காசு வேண்டாம் என்றேன். குணாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டெக்னீஷியன் சும்மா வேல செய்வாங்களாக்கா?" என்று சொல்லி, அவனே கதவருகில் நின்று வாங்கி வைக்கிறான்.

ஆகவே இருபத்து நான்காம் தேதி வரை எனக்கு விடுப்பு வேண்டும். அதுவரை என் மேசையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

தங்கச்சி,
ஜெகதீஸ்வரி